வேருக்குக் காவல்

புனே நகரிலிருந்து சோலாப்பூர் சாலையில் கிழக்கே போனால் கரிசல் நிலம் வரும். மழைக்காலம் முடிந்ததும் அங்கே கொண்டைக்கடலை விதைப்பார்கள். நாம் சுண்டல் செய்கிறோமே, அதே கடலைதான். மராத்தியில் அதன் பெயர் ஹர்பரா. மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்திலேயே அது வளரும். ஒன்றிரண்டு முறை தண்ணீர் கட்டினால் போதும். பெரிய செலவு கேட்காத பயிர்.

விதைத்து ஒரு மாதம் ஆகிறது. வயல் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஒரு நாள் காலையில் விவசாயி வயலுக்குப் போகிறார். அங்கங்கே சில செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். ஈரம் இருக்கிறது. ஒரு முழம் தள்ளி நிற்கும் செடி நன்றாகவே இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் தொங்கிய செடி காய்ந்துவிடுகிறது. அடுத்த வாரம் இன்னும் பத்துச் செடி. அதற்கு அடுத்த வாரம் ஒரு திட்டு முழுவதும் காய்ந்து கிடக்கிறது.

மராத்தி விவசாயிகள் இதை 'மர்' நோய் என்கிறார்கள். மர் என்றால் சாவது. சுற்றி வளைக்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இது வாடல் நோய்.

காய்ந்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெளியே நன்றாகத்தான் இருக்கும். கத்தியால் அதை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் கருப்பும் பழுப்புமாக ஒரு கோடு ஓடும். செடி தண்ணீர் உறிஞ்சும் குழாய் அதுதான். அந்தக் குழாய்க்குள் ஒரு பூஞ்சாணம் புகுந்து அடைத்துவிட்டது. காலடியில் தண்ணீர் இருக்கிறது. மேலே ஏற வழி இல்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகிறது.

பூஞ்சாணம் நமக்குப் புதிது அல்ல. பழைய ரொட்டியில் பூக்கிறது. மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கிறது. அந்த வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். பெயர் ஃபுசேரியம். மண்ணிலேயே குடியிருக்கும். கடலை விதைக்காமல் விட்டால் பட்டினியால் செத்துவிடும் என்று நினைக்கலாம். சாகாது. ஆறு வருடம் வரைக்கும்கூட மண்ணில் தூங்கிக் கிடக்கும். கடலையின் வேர் வந்ததும் விழித்துக்கொள்ளும்.

வாடிய செடியை எந்த மருந்தும் பிழைக்க வைக்காது. இலையில் அடிக்கும் மருந்து வேருக்குப் போய்ச் சேருவதில்லை. வயல் முழுவதும் மருந்தை ஊற்றலாம் என்றால், கடலை விற்ற பணம் மருந்துக்கே சரியாகிவிடும்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே மண், ஒரே தண்ணீர். பூஞ்சாணமும் எல்லா இடத்திலும் இருக்கிறது. அப்படியானால் எல்லாச் செடியும் ஏன் சாகவில்லை?

இதற்குக் காரணம் ஒன்று அல்ல. விதையின் ரகம் ஒரு காரணம். வாடலைத் தாங்கும் ரகங்கள் உண்டு. ராகுரியில் உள்ள மகாத்மா ஃபுலே வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த விஜய், திக்விஜய் என்ற கடலை ரகங்கள் அப்படிப்பட்டவை. இன்னொரு காரணம் வேரைச் சுற்றியே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூக்குக்குத் தெரியும்.

மண்வாசனை

ஜூன் மாதம் புனேயில் முதல் மழை விழுகிறது. காய்ந்த மண்ணிலிருந்து ஒரு வாசனை எழும்புகிறது. எல்லோரும் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுக்கிறார்கள். மண்வாசனை என்கிறோம். மண்ணைக் கழுவி, சுட்டு, வெறும் தூளாக ஆக்கிவிட்டால் அந்த வாசனை வராது. ஏனென்றால் அதன் பெரும்பகுதி மண்ணின் வாசனை அல்ல. மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவின் வாசனை. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ். இந்த வாசனை மண்ணில் திரியும் ஒரு சின்னப் பூச்சியைக் கூப்பிடுகிறது என்றும், அந்தப் பூச்சியின் மேல் ஒட்டிக்கொண்டு பாக்டீரியாவின் வித்துகள் ஊர் விட்டு ஊர் போகின்றன என்றும் 2020-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

பாக்டீரியா என்றதும் நமக்கு நோய் ஞாபகம் வருகிறது. காசநோய், காலரா, டைபாய்டு. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை பாக்டீரியா கூட்டத்தில் மிகச் சிலர். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். இட்லி மாவைப் பொங்க வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆயிரம் பாக்டீரியாவை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு கடுகின் நீளம் வருமா என்பது சந்தேகம். அவ்வளவு சிறியது. ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் பல கோடி பாக்டீரியா இருக்கும்.

இந்தக் கோடிகள் மண்ணில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவி இருப்பதில்லை. வேர் இருக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். திருவிழா நடக்கும் கோயிலைச் சுற்றிக் கூட்டம் சேருவதுபோல. 1904-ம் ஆண்டிலேயே ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹில்ட்னர் இதைப் பற்றி எழுதினார். வேரை ஒட்டிய மண்ணுக்கு அவர் தனியாக ஒரு பெயரும் வைத்தார். அதை நாம் வேர்மண் என்று சொல்லலாம்.

ஏன் அங்கே கூட்டம்? அங்கே சாப்பாடு கிடைக்கிறது.

செடி இலையில் சமைக்கிறது. வெயில்தான் அடுப்பு. சமைத்ததை எல்லாம் தானே சாப்பிடுவதில்லை. ஒரு பங்கைச் சர்க்கரையாகவும் வேறு சத்தாகவும் வேர் வழியே மண்ணில் கசிய விடுகிறது. கஷ்டப்பட்டுச் சமைத்ததை ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று தோன்றும். அது வீண் செலவு அல்ல. காவல்காரருக்குக் கொடுக்கும் சாப்பாடு.

காவல் எப்படி?

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் துண்டு போட்டவருக்கு இடம். பின்னால் வருகிறவர் நிற்க வேண்டியதுதான். நல்ல பாக்டீரியா செய்யும் முதல் காரியம் இதுதான். வேரின் மேல் முன்னாலேயே போய் இடம் பிடித்துக்கொள்ளும். வேர் கசியும் சாப்பாட்டையும் தின்றுவிடும். பின்னால் வரும் பூஞ்சாணத்துக்கு உட்கார இடமும் இல்லை, தின்னச் சோறும் இல்லை.

அடுத்தது இரும்பு. நமக்கு இரத்தத்தில் இரும்புச் சத்து வேண்டும். பூஞ்சாணத்துக்கும் இரும்பு வேண்டும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது துருவாக, கரையாமல் கிடக்கிறது. கரிசல் மண்ணில் கரையும் இரும்பு இன்னும் குறைவு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. இரும்பைப் பிடித்து இழுக்கும் ஒரு பொருளைத் தன் உடம்பிலிருந்து வெளியே விடுகிறது. வலை வீசி மீன் பிடிப்பதுபோல அது இரும்பைப் பிடித்துத் தனக்குக் கொண்டுவருகிறது. பூஞ்சாணம் இரும்பு கிடைக்காமல் சோர்ந்துபோகிறது. 1980-ம் ஆண்டில் அமெரிக்காவில் குளோப்பர் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கண்டு எழுதினார்கள். அந்த வலை மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வங்கியில் ஒரு ஊதா விளக்கு வைத்திருப்பார்கள் அல்லவா? அந்த மாதிரி விளக்கில் பார்த்தால் அது பளபளக்கும்.

மூன்றாவது, விஷம். பல பாக்டீரியாக்கள் பூஞ்சாணத்தைக் கொல்லும் விஷத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. மண்வாசனை தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இதில் பெரிய கெட்டிக்காரன். காசநோய்க்கு முன்பு ஊசி போட்டார்களே, ஸ்ட்ரெப்டோமைசின், அது இந்தப் பாக்டீரியாவிடமிருந்து 1943-ல் எடுத்த மருந்துதான். மண்ணுக்குள் நடக்கும் சண்டையில் பயன்பட்ட ஆயுதம் மனிதரின் நெஞ்சு நோயையும் தீர்த்தது.

இன்னொன்றும் உண்டு. இது கொஞ்சம் ஆச்சரியமானது. வேரில் நல்ல பாக்டீரியா வந்து குடியேறினால் செடியே உஷாராகிவிடுகிறது. நோய் வருவதற்கு முன்பே உடம்பு முழுவதும் தயாராக இருக்கிறது. நெதர்லாந்து நாட்டில் கார்னேஷன் பூச்செடியில் 1991-ல் இதைப் பார்த்தார்கள். பாக்டீரியா வேரில் இருந்தது. பூஞ்சாணத்தைத் தண்டில் ஊசி போல ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. இருந்தும் நோய் குறைந்தது. புனேக்குப் பக்கத்தில் தளேகாவ் பகுதியில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பூ வளர்க்கிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கார்னேஷன் தெரிந்த பூதான்.

பிம்ப்ரி மண் கொடுத்த மருந்து

புனேயை ஒட்டி இருக்கிறது பிம்ப்ரி. தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர். இங்கே 1954-ல் மத்திய அரசு ஒரு மருந்துத் தொழிற்சாலையை நிறுவியது. இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்று பெயர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் உதவி செய்தன. பெனிசிலின் இங்கே தயாரானது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசினும் தயாரானது.

தயாரிப்பதோடு அங்கிருந்த விஞ்ஞானிகள் நிற்கவில்லை. புது மருந்தைத் தேடினார்கள். எங்கே தேடினார்கள்? மண்ணில். திருமலாச்சார் என்ற பூஞ்சாண நிபுணர் அந்த வேலைக்குத் தலைமை வகித்தார். மண்ணை எடுத்து வந்து அதில் இருக்கும் பாக்டீரியாவைத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் பூஞ்சாணத்துக்குப் பக்கத்தில் வளர விடுவார்கள். பூஞ்சாணம் தட்டு முழுவதும் பரவினால் அந்தப் பாக்டீரியாவால் பயன் இல்லை. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் பூஞ்சாணம் ஒதுங்கி நின்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிக் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று பெயர் வைத்தார்கள். ஊரின் பெயர் பாக்டீரியாவின் பெயரில் ஏறிவிட்டது. அதிலிருந்து எடுத்த மருந்து ஹாமைசின். மனிதருக்கு வரும் பூஞ்சாண நோய்களுக்கு அது பயன்பட்டது.

1964-ல் இதே ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு மருந்தைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அதன் பெயர் ஆரியோஃபங்கின். இதுவும் மண் பாக்டீரியா கொடுத்ததுதான். இது பயிருக்கான மருந்தாகப் பெயர் பெற்றது. செடி இதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் வேர் வழியாகவும் கொடுக்கலாம்.

இந்த மருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய கஷ்டத்துக்கு உதவியது. அது தஞ்சாவூர்த் தென்னையின் கஷ்டம்.

தஞ்சாவூர்ப் பகுதியில் 1952-ல் பெரும் புயல் வீசியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு தென்னை நோய் கண்ணில் பட்டது. மரத்தின் அடிப்பகுதி வெடித்துச் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். அடி மட்டைகள் தொங்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். குரும்பைகள் உதிரும். தோண்டிப் பார்த்தால் வேர்கள் அழுகி இருக்கும். மரம் கடைசியில் செத்துவிடும். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் இதற்குக் காரணம். ஊர்ப் பெயராலேயே 'தஞ்சாவூர் வாடல்' என்று இந்த நோய் நாடு முழுவதும் அறியப்பட்டது. நெல் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் பல வருடத்து உழைப்பு போகிறது. பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல அழுதவர்கள் உண்டு. தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம்.

இந்த நோய்க்கு ஆரியோஃபங்கினை வேர் வழியாகக் கொடுக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னது. பென்சில் கனம் உள்ள உயிர் வேர் ஒன்றைத் தேட வேண்டும். அதைச் சாய்வாக வெட்ட வேண்டும். 2 கிராம் ஆரியோஃபங்கின், 1 கிராம் மயில்துத்தம், 100 மில்லி தண்ணீர் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வெட்டிய வேரை அதில் முக்கிக் கட்டிவிட வேண்டும். மரம் அதைக் குடித்துக்கொள்ளும். மூன்று மாத இடைவெளியில் மூன்று முறை இப்படிக் கொடுக்க வேண்டும். நோய் முற்றிய மரத்துக்கு இது பலன் தராது. தொடக்கத்தில் கண்டுகொண்டால் உண்டு.

பிம்ப்ரி செய்தது பாக்டீரியாவின் ஆயுதத்தை மட்டும் பிரித்து எடுத்தது. ஆயுதம் தீர்ந்துவிட்டால் மறுபடி வாங்க வேண்டும். பாக்டீரியாவையே உயிரோடு வேரில் குடிவைத்தால் என்ன? அது சாப்பிடும், பெருகும், தானே ஆயுதம் செய்துகொள்ளும். இந்த யோசனைக்கு வழி காட்டியது ஒரு கோதுமை வயல்.

கோதுமை வயலில் உறை மோர்

அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலம் இருக்கிறது. அங்கே கோதுமைக்கு வேர் அழுகல் நோய் வந்தது. வேர் கருத்துப்போகும். பயிர் காய்ந்து நிற்கும். ஒரே வயலில் வருடா வருடம் கோதுமை போட்டால் நோய் கூடிக்கொண்டே போகும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிலர் பிடிவாதமாகக் கோதுமையையே போட்டுவந்தார்கள். சில வருடம் நோய் ஏறியது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, இறங்கியது. பூஞ்சாணம் மண்ணில் இருந்தது. கோதுமையும் இருந்தது. நோய் மட்டும் அடங்கிவிட்டது.

1970-களில் குக் என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும் இதை ஆராய்ந்தார்கள். நோய் அடங்கிய வயலின் மண்ணை எடுத்து 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தார்கள். தண்ணீர் கொதிப்பதற்கு 100 டிகிரி வேண்டும். இது அதைவிடக் குறைவான சூடு. அந்த மண்ணில் காவல் போய்விட்டது. நோய் திரும்பி வந்தது. அப்படியானால் காவல் செய்தது உயிருள்ள ஏதோ ஒன்று. சூட்டில் செத்துப்போகும் ஒன்று.

அடுத்து இன்னொன்று செய்தார்கள். நோய் உள்ள மண்ணோடு நல்ல மண்ணைக் கொஞ்சம் கலந்தார்கள். நூறு பங்குக்கு ஒரு பங்கிலிருந்து பத்துப் பங்கு வரைதான். நோய் குறைந்தது. ஒரு குண்டான் பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் முழுப் பாலும் தயிராகிறதே, அதே கதை. நல்ல மண் உறை மோராக வேலை செய்தது.

அந்த உறையில் இருந்த முக்கியமான காவல்காரர் சூடோமோனாஸ் பாக்டீரியா என்று பிறகு தெரிந்தது. ஒரு கிராம் வேரில் ஒரு லட்சம் பாக்டீரியாவாவது இருந்தால்தான் நோய் அடங்குகிறது என்று 1998-ல் எண்ணியே சொல்லிவிட்டார்கள். ஒன்றிரண்டு காவல்காரர் இருந்து பயன் இல்லை. படை வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'நாமும் வருடா வருடம் கடலையே போடலாம், நோய் தானாக அடங்கும்' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. கோதுமையில் அந்த நோய்க்கு அப்படி நடந்தது. கடலை வாடலை நம்பி அப்படி இருந்தால் வயல் சுடுகாடாகும்.

கோவையில் செய்த பொடி

ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவைக் குடுவையில் வளர்ப்பது சுலபம். அதை ஊருக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். சத்துத் தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவை லாரியில் ஏற்றி, வெயிலில் கடையில் வைத்து விற்றால் அது எப்படி உயிரோடு இருக்கும்?

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்கு வழி தேடினார்கள். டால்க் என்ற வெள்ளைப் பொடியை எடுத்துக்கொண்டார்கள். நாம் முகத்துக்குப் போடும் பவுடர் செய்யும் பொடிதான். அதில் சூடோமோனாஸை ஏற்றி உலர்த்தினார்கள். பாக்டீரியா பொடிக்குள் உயிரோடு இருந்தது. அந்தப் பொடியை எந்தப் பயிரின் எந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள் தெரியுமா? கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு. விதையில் தடவி விதைத்தபோது வாடல் குறைந்தது. 1995-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். 1997-ல் துவரை வாடலுக்கும் பலன் உண்டு என்று எழுதினார்கள்.

பிறகு நெல், நிலக்கடலை, வாழை, மஞ்சள், காய்கறி என்று பல பயிருக்கு அது போனது. இன்று சூடோமோனாஸ் பொடி விவசாயக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. தஞ்சாவூர் வாடல் வரும் தென்னந்தோப்புக்கும் அதைத் தொழு உரத்தில் கலந்து போடச் சொல்கிறார்கள். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுவதும், தண்ணீர் வசதி இருந்தால் நடுவில் வாழை வைப்பதும் அந்த நோய்க்குச் சொல்லப்படும் வழிகள்.

சூடோமோனாஸ் தனியாள் அல்ல. பேசில்லஸ் என்ற பாக்டீரியாவும் இந்த வேலை செய்கிறது. டிரைக்கோடெர்மா என்று ஒன்று விற்கிறார்கள். அது பாக்டீரியா இல்லை, பூஞ்சாணம். ஆனால் நல்ல பூஞ்சாணம். கெட்ட பூஞ்சாணத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டு தின்றுவிடும்.

உயிருள்ள சரக்கு

இந்தப் பொடியை மருந்துப் பொடி என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இது மருந்து அல்ல. உயிருள்ள சரக்கு. கோழிக்குஞ்சு வாங்குவதுபோல வாங்க வேண்டும். பாக்கெட்டில் தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள். இப்போது படிக்கத் தெரியுமே! பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி முடிந்த பொடி வெறும் முகப்பவுடர்தான். கடைவாசலில் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தால் அந்தக் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது. வீட்டிலும் நிழலில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பூச்சி மருந்தோடு சேர்த்து வைக்கக் கூடாது.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி. ஏக்கருக்கு 30 கிலோ கடலை விதைக்கிறீர்கள் என்றால் 300 கிராம் போதும். விதையைச் சாக்கில் பரப்பி, ஆறிய வடிகஞ்சியைக் கொஞ்சம் தெளித்து, பொடியைத் தூவிக் கையால் மெதுவாகப் புரட்ட வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா அங்கேயே வெந்துவிடும். கடலை விதையை அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

மண்ணிலும் போடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ நன்றாக மட்கிய தொழு உரத்தில் கலந்து தூவ வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். தொழு உரம் அந்தப் பாக்டீரியாவுக்குக் கட்டுச்சோறு. மட்காத பச்சைச் சாணத்தில் கலந்தால் அதன் சூடே பகையாகிவிடும்.

'இரண்டு மருந்தையும் சேர்த்தே போட்டால் இரண்டு மடங்கு பலன்' என்று சிலர் கணக்குப் போடுவார்கள். இங்கே அந்தக் கணக்கு உதைக்கும். கார்பண்டாசிம் என்ற மருந்து பூஞ்சாணத்தைக் கொல்லும். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நாமே காவல்காரரைக் கொன்றதாகும். அதேபோல ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்தோடும் மயில்துத்தத்தோடும் பாக்டீரியாப் பொடியைச் சேர்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் தனித்தனியாக, நாள் விட்டுக் கொடுப்பதே சரி.

இந்தப் பொடி எல்லா வாடலையும் நிறுத்திவிடாது. முதலில் சொன்ன மாதிரி, வாடிய செடியைத் திருப்பி எழுப்பாது. மண்ணில் நோய் மிக அதிகமாக இருந்தால் பொடி தோற்றுப்போகும். தண்ணீர் தேங்கும் கரிசலில் வடிகால் வெட்டாமல் பொடியை மட்டும் நம்பினால் பலன் இல்லை. வாடலைத் தாங்கும் ரகம், பயிர் மாற்றம், தொழு உரம், இவற்றோடு சேர்ந்தால்தான் பொடிக்குப் பலம்.

துவரையில் பழைய விவசாயிகள் ஒரு காரியம் செய்வார்கள். சோளத்தோடு சேர்த்து விதைப்பார்கள். மகாராஷ்டிரத்தில் இது இன்றும் வழக்கம். ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சோளத்தோடு வளர்ந்த துவரையில் வாடல் குறைவாகவே இருந்தது.

நிலம் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. புனே மாவட்டத்தில் உருளி காஞ்சன் பக்கம் நாற்றுப் பண்ணைகள் நிறைய. அங்கே நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பித் தக்காளி, மிளகாய் விதை போடுவார்கள். முளைத்த நாற்று தண்டின் அடியில் நீர்க்கோத்து, நூல் போல மெலிந்து, சாய்ந்து விழுவதைப் பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் பார்த்திருப்பார்கள். அது நாற்றழுகல். தண்ணீர் அதிகமானால் வரும். நார்க்கழிவை நிரப்பும்போதே நல்ல பாக்டீரியாப் பொடியையோ டிரைக்கோடெர்மாவையோ கலந்துவிட்டால் முதல் வேர் விடும்போதே காவல் வந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்ப்பவரும் இதையே செய்யலாம். ஒரு தேக்கரண்டிப் பொடி, இரண்டு கை மட்கிய உரம், ஒரு தொட்டிக்குப் போதும்.

வளர்ந்த தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் பிடித்துக்கொண்டிருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளைப் புகை இழை இறங்கினால் வாடலுக்குக் காரணம் பூஞ்சாணம் அல்ல, ஒரு கெட்ட பாக்டீரியா. அந்தச் செடியை வேரோடும் வேர்மண்ணோடும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணில் உடனே தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கக் கூடாது. கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.